மூன்று பத்துக்கு யார் பொறுப்பு

காசிமாயனுக்கு எந்தக் கடிகாரத்தின் மேலும் நம்பிக்கை கிடையாது. போடி பஸ் ஸ்டாண்டில் இருபத்திரண்டு வருஷமாக டைம் கீப்பராக இருக்கிறவர். இடது கையில் ஒரு வாட்ச், சட்டைப் பையில் ஒரு வாட்ச். இரண்டும் ஒத்துப்போனாலும் ரேடியோவில் மணி சொல்கிறவரைக்கும் அவர் மனசு ஆறாது. டிரைவர் சொல்கிற நேரத்தைக் கண்டக்டரிடம் கேட்பார். கண்டக்டர் சொன்னதை முன்சீட்டில் உட்கார்ந்து வந்தவரிடம் கேட்பார். அந்த ஆளும் அதையே சொல்லிவிட்டால், மூன்று பேரும் வழியில் டீக்கடையில் கூடிப் பேசி வைத்துக்கொண்டார்களோ என்று யோசிப்பார். இப்பேர்ப்பட்ட மனிதருக்கு இவரையே மிஞ்சுகிற ஒரு சம்பந்தி வாய்க்கப் பார்த்ததுதான் எண்பத்தெட்டாம் வருஷத்து வேடிக்கை.

தேவாரத்துக் கருத்தம்மாள் தன் மகன் சின்னமுத்துவுக்குப் பெண் பார்க்க வந்திருந்தாள். சின்னமுத்து போடிமெட்டுச் சரிவில் ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். தோட்டத்து ஜீப்பை அவனே ஓட்டுவான், பீடி சிகரெட் கிடையாது. காசிமாயன் மகள் வேலுத்தாய் பிளஸ் டூ முடித்து டைப்ரைட்டிங் பாஸ் பண்ணியிருந்தாள். பத்தொன்பது வயது. பொருத்தம் எல்லாம் கூடிவந்த மாதிரிதான் இருந்தது. ஜாதக நோட்டு கைக்கு வந்ததும் கருத்தம்மாள் ஒரு காரியம் செய்தாள். ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, 'மகம்' என்று எழுதியிருந்த இடத்தில் தேய்த்துப் பார்த்தாள். மை புதுசா பழசா என்று பார்க்கிறாளாம்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே," என்றாள் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு. "காசு குடுத்தா கழுதைக்கும் ராஜயோகம்னு எழுதிக் குடுக்குறானுக இந்தக் காலத்துல. மெசினுக்கு ஓரவஞ்சன கெடையாதுல்ல? கம்ப்யூட்டர் ஜாதகம் ஒண்ணு எடுத்துக் கொண்டாங்க. அதுலயும் மகம்னு வந்துட்டா, மறுநாளே பரிசம் போட்டுருவோம்."

வேறு யாராவது என்றால் முகம் சுளித்திருப்பார்கள். காசிமாயனுக்கோ உள்ளுக்குள் மரியாதையே வந்துவிட்டது. சரியான பொம்பளை என்று நினைத்துக்கொண்டார்.

போடிக்குக் கம்ப்யூட்டர் வந்து நாலு மாசம்தான் ஆகியிருந்தது. ஏலக்காய்க் கடைகள் இருக்கிற தெருவில் மாடியில் ஓர் அறை. உக்கிரபாண்டி என்கிற பையன்கோலம் மாறாத முப்பது வயதுக்காரன் அதை நடத்தினான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும், தூசி ஆகாதாம். உள்ளே போனால் துணி போர்த்திய டிவி மாதிரி ஒரு பெட்டி, பக்கத்தில் இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட காகிதக் கட்டு. கீழே மூட்டைகளிலிருந்து ஏறிவந்த ஏலக்காய் வாசம் அந்த அறையில் சாமி அறை வாசம் போலவே இருந்தது. வந்தவர்கள் பலபேர் பெட்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டதையும் காசிமாயன் பார்த்தார். அவர் கும்பிடவில்லை. பெட்டிக்குப் பின்னால் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

உக்கிரபாண்டி ஒரு படிவம் கொடுத்தான். பெயர், ஊர், பிறந்த தேதி, பிறந்த நேரம். காசிமாயன் கண்ணாடியை மறந்து வந்திருந்ததால் வேலுத்தாயை எழுதச் சொன்னார்.

"எழுது தாயி. ஞாயித்துக்கிழமை, ராத்திரி மூணு பத்து. அறுபத்தொம்பது மார்ச் ரெண்டு. நான் வாசல்ல நின்னு ரெண்டு வாட்ச்சையும் பாத்துக் குறிச்ச நேரமாக்கும். ஒரு நிமிசம் கூடக் கொறைய இருக்காது."

வேலுத்தாய் பேனாவை நிறுத்தினாள். "ஞாயித்துக்கிழமை தேதியவே போட்டுறவாப்பா?"

"சொன்னத எழுது. எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு."

அவள் எழுதினாள். அடியில் 'மேற்கண்ட தகவல்களுக்கு நானே பொறுப்பு' என்று அச்சடித்த வரிக்குக் கீழே காசிமாயன் கையெழுத்துப் போட்டார். உக்கிரபாண்டி தட்டினான். பெட்டியில் பச்சை எழுத்து ஓடியது. பிரிண்டர் கிர்ர் கிர்ர் என்று தையல் மிஷின் மாதிரிக் கத்தி, கட்டங்களும் எழுத்துகளுமாக ஒரு முழத்துக்குக் காகிதத்தைத் துப்பியது.

நட்சத்திரம்: ஆயில்யம்.

காசிமாயன் முதலில் அது வேறு யாருடைய ஜாதகமோ என்று நினைத்தார். பெயரைப் பார்த்தார். கா. வேலுத்தாய் என்று சுத்தமாக இருந்தது. ஆயில்யத்துப் பெண் வந்தால் மாமியாருக்கு ஆகாது என்று அந்தச் சீமையில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். கருத்தம்மாளோ உயிரோடு, திடகாத்திரமாக, நாக்கில் விரல் வைத்துக்கொண்டு தேவாரத்தில் காத்திருந்தாள்.

சங்கதியை மறைக்கவும் முடியவில்லை. மறுநாளே அவள் உக்கிரபாண்டியிடம் நேரில் வந்து தனக்கென்று ஒரு பிரதி வாங்கிப் போய்விட்டாள். காசிமாயன் கொண்டுபோய்க் கொடுப்பதை அவள் நம்புவதாக இல்லை. சாயங்காலம் தேவாரம் பஸ் கண்டக்டரிடம் சொல்லிவிட்டாள்: "இந்தச் சோலி வேண்டாம்னு அண்ணன்கிட்டச் சொல்லிருங்க."

வீட்டில் அவர் மனைவி ஒச்சம்மாள் அழுதாள். "பெத்தவ எனக்குத் தெரியாதா? மாசி மகத்தன்னிக்குப் பொறந்த புள்ளைய ஆயில்யம்னு சொன்னா அந்தப் பொட்டி வெளங்குமா?" வேலுத்தாய் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, மடித்த மடிப்பு கலையாமல் திருப்பிக் கொடுத்தாள். பிள்ளை எவ்வளவு தாங்கிக்கொள்கிறது என்று காசிமாயன் நினைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. யார் வேலை இது? முதல் சந்தேகம் பக்கத்து ஊரான சிலமலையில் இருக்கிற வெள்ளைத்துரை மேல் போனது. மலைக்கு ஜீப் விடுகிற அந்த ஆளுக்கும் கல்யாண வயதில் பெண் இருக்கிறது. போன வாரம் அந்த ஆள் உக்கிரபாண்டி கடைப் படியில் இறங்கி வந்ததைக் காசிமாயனே கண்ணால் பார்த்திருக்கிறார். பெட்டிக்குக் காசு கொடுக்க முடியாது, பெட்டியைத் தட்டுகிறவனுக்குக் கொடுக்கலாமே. நேரே மாடி ஏறினார். இந்தத் தடவை செருப்பைக் கழற்றவில்லை.

"வெள்ளைத்துரை எதுக்குடா வந்தாரு?"

"அவரு மச்சினன் ஜாதகத்துக்குண்ணே. செருப்பு..."

"செருப்பு கெடக்கட்டும். எம் மகளுக்கு நட்சத்திரத்த மாத்துனது யாரு?"

உக்கிரபாண்டி கோபப்படவில்லை, அதுதான் காசிமாயனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "நீங்க குடுத்ததத்தாண்ணே நான் போட்டேன். நான் வெறும் ஏஜென்டு. புரோகிராம் எழுதுனவரு மெட்ராஸ்ல இருக்காரு. மெசினு வெளிநாட்டுல செஞ்சது. நான் என்னத்த மாத்த?"

"அப்ப தப்பா வந்தா யாரப் போயிக் கேக்குறது?"

உக்கிரபாண்டி காகிதத்தின் கடைசியில் எறும்பு அளவில் இருந்த வரியைக் காட்டினான். 'பலன்களுக்கு நிறுவனம் பொறுப்பல்ல.'

வந்தவர் பொறுப்பு என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, தான் பொறுப்பில்லை என்று தானே அச்சடித்துக்கொள்கிற வியாபாரத்தைக் காசிமாயன் அதுவரைக்கும் பார்த்ததில்லை. பஸ் லேட்டானால் டிரைவர் பதில் சொல்கிறான், பதில் பிடிக்கவில்லை என்றால் மெமோ வாங்குகிறான். இவன் பஸ்ஸை ஓட்டுகிறானாம், ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் கேட்கக்கூடாதாம்.

அந்த நேரத்தில் கரண்ட் போய்த் திரும்பி வந்தது. பெட்டி கூவென்று விழித்துக்கொண்டு முதல் வரியில் ஒரு தேதியைக் காட்டியது. உக்கிரபாண்டி அவசரமாக எதையோ தட்டப் போனான். காசிமாயன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடி இன்றைக்கு மூக்கில் இருந்தது.

பெட்டி சொன்ன தேதி 1-1-1980.

"இன்னைக்கு என்ன தேதிடா?"

"அது கரண்ட் போனா அப்படித்தாண்ணே வரும். நாமதான் தேதி போடணும். அதுக்கும் ஜாதகத்துக்கும் சம்பந்தமே இல்ல."

காசிமாயன் சட்டைப் பையிலிருந்து மகள் ஜாதகத்தை எடுத்து விரித்தார். மேல் ஓரத்தில், அச்சடித்த நாள் என்ற இடத்தில், அதே 1-1-1980. இன்றைக்குத் தேதி தெரியாத மிஷின், எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்துகொண்டு தன் மகள் பிறந்த நட்சத்திரத்தைச் சொல்கிறது! சத்தியமாகச் சொன்னால், மகள் பிறந்த நேரத்துக்குப் பிறகு அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

வக்கீல் ராஜாராமும் சந்தோஷப்பட்டார். கோர்ட்டுப் பக்கத்தில் அவருடைய ஆபீசில் நுகர்வோர் சட்டம் என்று புதிதாக வந்த புத்தகம் பிரிக்கப்படாமல் இருந்தது. "நல்ல பாயிண்டுங்க இது," என்றார் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து. "ஆனா நோட்டீசு யாருக்கு விடுறது? தட்டுனவன் ஏஜென்டுங்கறான். எழுதுனவன் மெட்ராஸ்ல. மெசினுக்கு வெலாசமே இல்ல. சரி, மூணு பேருக்கும் விடுவோம், எவன் வாயத் தொறக்குறான்னு பாப்போம். படிவத்தோட நகல் ஒண்ணு வாங்கிக் கொண்டாங்க. நீங்க என்ன தகவல் குடுத்தீங்கங்கறது முக்கியம்."

"நான் குடுத்த நேரத்துல தப்பு இருக்காது சார். நான் டைம் கீப்பரு."

படிவத்தின் ஜெராக்ஸ் மறுநாளே கைக்கு வந்தது. காசிமாயன் அதைப் படிக்காமலே பையில் வைத்துக்கொண்டார். தன் வாய்ச்சொல்லில் என்ன சந்தேகம்?

ஞாயிற்றுக்கிழமை போடிமெட்டுக்கு ஜீப் ஏறினார். கொண்டை ஊசி வளைவுகளில் காது அடைத்து, குளிர் ஏறி, ஏலச்செடியும் நிழல் மரமுமாக இருட்டிக்கொண்டு வந்தது. சின்னமுத்து ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் வாசலில் பச்சைக் காய் லோடு இறக்கிக்கொண்டிருந்தான். மாமா என்று கூப்பிடலாமா வேண்டாமா என்று அவன் தடுமாறியதில், பிள்ளைக்கு ஆசை இருக்கிறது என்று காசிமாயன் புரிந்துகொண்டார்.

"இதப் பாருங்க மாப்ளே. எம்பதாம் வருசம்னு போட்டுருக்கு. இந்தப் பொட்டிய நம்பியா உங்க ஆத்தா வேண்டாம்னு சொன்னது?"

சின்னமுத்து பார்த்தான். கூட வேலை பார்க்கிற சேட்டன்மார் இரண்டுபேரைக் கூப்பிட்டுக் காட்டினான். அவர்கள் மலையாளத்தில் சிரித்தார்கள். "அம்மா ஒண்ணு நெனச்சுட்டா மாத்த முடியாதுங்க," என்றான். "ஆனா ஏமாத்துறாகன்னு தெரிஞ்சா அவங்களால தாங்கிக்க முடியாது. நான் காமிக்கிறேன்."

காமித்தான். மூன்றாம் நாள் தேவாரம் பஸ்ஸில் சேதி வந்தது. மெசினும் களவாணிதான் என்று கருத்தம்மாள் ஒத்துக்கொண்டாளாம். வியாழக்கிழமை பத்து மணி பஸ்ஸுக்கு வருகிறாளாம். மகமா ஆயில்யமா என்று அண்ணன் வாயால் ஒரு வார்த்தை, பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால் போதுமாம். மகம் என்றால் அங்கிருந்தே பரிசத்துக்கு நாள் குறிக்கப் போகலாமாம். ஒச்சம்மாள் அன்றைக்கே கேசரிக்கு முந்திரி வாங்கச் சொன்னாள்.

புதன்கிழமை காலையில் கண்டக்டர் மலைச்சாமி டிரிப் ஷீட்டைக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தான். குமுளியிலிருந்து ராத்திரி லேட்டாக வந்த பஸ். போடி வந்த நேரம் பன்னிரண்டு இருபது என்றும், தேதி செவ்வாய்க்கிழமை என்றும் எழுதியிருந்தான்.

"என்ன மலைச்சாமி இது? பன்னெண்டு இருவதுக்கு வந்த வண்டிக்கு செவ்வாக்கெழமத் தேதியப் போட்டுருக்க?"

"நேத்து ராத்திரிதாண்ணே வந்தோம். செவ்வாக்கெழம ராத்திரி."

"கூறுகெட்ட பயலே! வீட்டுல பேசுற பேச்சு வேற, ரிஜிஸ்தர் வேற. விடியிறவரைக்கும் செவ்வாக்கெழமைன்னு உங்க ஆத்தா சொல்லும். பன்னெண்டு அடிச்சா தேதி மாறிரும். இருபத்திரண்டு வருசமா ஒவ்வொருத்தனுக்கா இதச் சொல்லிக்கிட்டு..."

காசிமாயன் நிறுத்திவிட்டார். மலைச்சாமி பயந்துபோய்ப் பார்த்தான். மனிதர் சட்டைப் பையிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்து விரித்துக்கொண்டிருந்தார். வேலுத்தாயின் குண்டு குண்டான எழுத்து. 2-3-1969. அதிகாலை 3.10.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மூன்று பத்து. விடிந்தால் திங்கள். அதாவது மார்ச் மூன்று. பெட்டியோ மார்ச் இரண்டு என்றதும் ஒரு முழு நாளுக்கு முன்னால் போய், பிறக்காத பிள்ளைக்கு நட்சத்திரம் பார்த்திருக்கிறது. முதல் நாள் ஆயில்யம், மறுநாள் மகம். பெட்டி சொன்னது சரி. நோட்டு சொன்னதும் சரி. ஊரிலேயே நேரத்தில் தப்பே விடாத ஒரே ஆள் சொன்னதுதான் தப்பு.

வெட்கம் காது மடல் வரைக்கும் சுட்டது. ஆனால் அடுத்த நிமிஷமே மனசு லேசாகிவிட்டது. தப்பு தெரிந்துவிட்டதே! தேதியை மாற்றிப் போட்டால் அதே பெட்டி மகம் என்று சொல்லப்போகிறது. கருத்தம்மாள் இனி நாக்கில் விரல் வைக்கவே முடியாது. ரிஜிஸ்தரை அடுத்தவனிடம் தள்ளிவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

வேலுத்தாய் கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தார். அவள் கையிலிருந்த துண்டைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் எப்போதோ நின்றிருந்தது.

"தெரியும்ப்பா," என்றாள்.

"என்ன தெரியும்?"

"எழுதும்போதே தெரியும். உங்க நைட் டூட்டி ரிஜிஸ்தர நான்தான சுத்தமா நகல் எடுத்துத் தர்றேன். பன்னெண்டுக்கு மேல தேதி மாறும்னு எனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கிழமை தேதியவே போட்டுறவான்னு கேட்டேன். சொன்னத எழுதுன்னீங்க. நீங்க குடுத்ததத்தான் நான் போட்டேன்."

அச்சு அசல் உக்கிரபாண்டியின் வார்த்தை. காசிமாயன் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைத்துரை, உக்கிரபாண்டி, மெட்ராஸ்காரன், வெளிநாட்டுக்காரன் என்று எத்தனை பேரை மனசுக்குள் கூண்டில் ஏற்றியிருந்தார்! பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுதின கையைப் பார்க்கத் தோன்றவேயில்லை.

"இன்னொரு தடவ கேட்டிருக்கலாம்," என்றாள் அவள். "கேக்கல. அது எந் தப்புதான்."

"ஏந்தாயி? பையன் நல்ல பையனாத்தான இருக்கான்?"

"பையன் நல்லவருதான். அந்தம்மா எச்சி தொட்டு மையத் தேச்சுப் பாத்தாங்கள்ல, அப்பவே எனக்கு உடம்பு கூசிப் போச்சுப்பா. நான் வச்ச கொழம்ப இன்னொருத்தரத் திங்க வச்சு, அவங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னு தெரிஞ்சப்பறம்தான் அவங்க திம்பாங்க. தெனம் தெனம் நான் யாருன்னு நிரூபிச்சுக்கிட்டு இருக்க முடியுமா? நீங்களும் ஊரையே சந்தேகப்படுற ஆளுதான். ஆனா என்னைய ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்ல. நான் அப்படியே வளந்துட்டேன்."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. மகள் தன்னை ஏமாற்றிவிட்டாள் என்பதற்கா, தன்னைப் பற்றி இப்படிச் சொன்னாள் என்பதற்கா, எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. பிடித்திருக்கிறதா என்று மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் மற்ற எல்லாவற்றையும்விட வலித்தது.

"எங்கிட்ட முன்னாடியே சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா சமாதானம் பண்ணிருப்பீங்க. மெசினு சொன்னா எதுத்துப் பேச மாட்டாங்கன்னு நெனச்சேன். நீங்க அதுக்கே நோட்டீசு விடுவீங்கன்னு யாரு கண்டா?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. ரொம்ப நேரம் நீடிக்கவில்லை.

"ஆயில்யம்னே பேரு நின்னுபோச்சுன்னா ஒனக்குத்தான தாயி கஷ்டம்?"

"மாமியா இல்லாத வீடாப் பாப்போம்ப்பா," என்றாள் வேலுத்தாய்.

வியாழக்கிழமை தேவாரம் பஸ் நாலு நிமிஷம் தாமதமாக வந்தது. கருத்தம்மாள் மஞ்சள் பையோடு இறங்கினாள். நாலு பேர் என்று சொன்னவள், தானே இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தாள். காசிமாயன் என்ன சொல்லப்போகிறார் என்று கேட்க உக்கிரபாண்டியும் எங்கிருந்தோ வந்து டீக்கடை ஓரமாக நின்றான். வக்கீல் தயார் செய்த நோட்டீஸ் காசிமாயன் பையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"சொல்லுங்கண்ணே," என்றாள் கருத்தம்மாள். "மெசினு தப்பு, நோட்டுத்தான் நெசம், அப்படித்தான? ஒரு வார்த்த சொல்லுங்க. இப்பவே நாள் குறிக்கப் போவோம்."

காசிமாயன் இரண்டு வாட்ச்சையும் பார்த்தார். இரண்டும் பத்து ஆறு காட்டின. ஒரு வார்த்தைதான். உண்மையான வார்த்தை. அதைச் சொன்னால் மகள் மறுபடி அந்த ஈர விரலுக்கு அடியில் போய் உட்காரவேண்டும்.

"மெசின் சொன்னதுதான் சரி தங்கச்சி," என்றார். "ஆயில்யம்தான்."

உக்கிரபாண்டி வாயைப் பிளந்தான்.

"அப்ப அந்த நோட்டு?"

"அது நான் மாத்தி எழுதச் சொன்னது. வேற யாருக்கும் தெரியாது. அதுக்கு நான்தான் பொறுப்பு."

இருபத்திரண்டு வருஷமாக ஒரு நிமிஷம்கூட மாற்றி எழுதாத மனிதர் அந்தப் பஸ் ஸ்டாண்டிலேயே நின்று பொய்க்காரர் ஆனார். மலைச்சாமி தலையைக் குனிந்துகொண்டான். காசிமாயன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

கருத்தம்மாள் அவர் முகத்தை ஒரு தடவைகூட உற்றுப் பார்க்கவில்லை. யாரிடமும் திருப்பிக் கேட்கவில்லை. மை பழசா என்று தேய்த்துப் பார்த்தவள், உண்மையை எழுதி வைத்திருந்த நோட்டை நம்பாதவள், இதைச் சொன்னதும் சட்டென்று நம்பிவிட்டாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ண்ணே," என்று அதே பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள்.

காசிமாயன் ரிஜிஸ்தரை எடுத்து, தேவாரம் பஸ் புறப்பட்ட நேரத்தைச் சரியாக எழுதினார். பிறகு விசில் ஊதினார்.